பெயர் சொல்லி ஜெபித்தவனுக்கு

கடைக்கு வெள்ளையடிப்பதற்காகப் பரணைக் காலி செய்தபோது, அந்தப் பழைய விசைப்பலகை என் தலையில் விழாத குறையாக வந்து விழுந்தது. தூசியைத் தட்டிப் பார்த்தேன். விசைகளின் மேல் நீ வெட்டி ஒட்டிய பிளாஸ்டர் துண்டுகள் பாதிக்கு மேல் அப்படியே இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் உன் கோணல் கையெழுத்தில் ஒரு தமிழ் எழுத்து. புண்ணுக்குப் போடுகிற பிளாஸ்டரை விசைப்பலகைக்குப் போட்ட ஆள் ஹட்டனில் நீ ஒருவன்தான். வெள்ளையடிக்க வந்தவர் அதைக் குப்பையில் போடட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று நான் சொன்ன சத்தத்தில் மனிதர் ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

நாம் இருவரும் மஸ்கெலியாவுக்கு மேலே ஒரே தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்தவர்கள். எங்கள் வீட்டில் முருகன், உங்கள் வீட்டில் இயேசு. நடுவில் இருந்தது ஒரு சுவர்தான். தொண்ணூறுகளில், நமக்கு மீசை அரும்பிய காலத்தில், சனிக்கிழமை மாலைகளில் ஒரே கூரையின் கீழ் வரிசையாக நின்ற லயத்து வீடுகளில், யாராவது ஒருவருடைய ஒற்றை அறைக் காம்பராவில் உங்கள் ஜெபக் கூட்டம் நடக்கும். நான் டோலக்குச் சத்தத்துக்காகவும், முடிவில் கிடைக்கும் இஞ்சித் தேநீருக்காகவும் வாசலில் உட்கார்ந்திருப்பேன். பக்தி என்று யாரும் தப்பாக நினைத்துவிடவில்லை.

பாட்டு முடிந்ததும் ஜெபக் குறிப்பு சொல்வார்கள். ஒவ்வொருவராக எழுந்து, வீட்டுக் கஷ்டத்தைப் பெயரோடு சொல்ல வேண்டும். யார் புருஷன் குடிக்கிறான், யார் மகள் கோபித்துக்கொண்டு போனாள், எல்லாம் வெளிப்படையாக வரும். உடனே எல்லோரும் கண்ணை மூடி அந்தப் பெயரைச் சத்தமாகச் சொல்லி ஜெபிப்பார்கள். அந்த ஒற்றை அறைக்குள் யாருக்கும் வெட்கமாக இருந்ததில்லை. ஒரு கூரைக்குக் கீழே வாழ்கிறவர்களுக்கு அடுத்த வீட்டுக் கதை ஏற்கனவே தெரியும். தெரிந்ததைத்தான் சொன்னார்கள்.

பிறகு நீ சபைக்கு உபதேசியார் ஆனாய். நான் ஹட்டன் பஜாரில் தொலைபேசிக் கடை போட்டு, அப்புறம் இரண்டு கம்ப்யூட்டரும் வாங்கி வைத்தேன். தோட்டத்துப் பிள்ளைகள் கொழும்புக் கடைகளுக்கும் வீடுகளுக்கும் வேலைக்குப் போய்விட்டார்கள். உன் கூட்டத்தில் நரைத்த தலைகள் மட்டும் மிஞ்சின. ஒரு நாள் நனைந்த குடையோடு கடைக்குள் வந்து நின்றாய்.

"நம்ம பிள்ளைங்க எல்லாம் கொழும்புல கம்ப்யூட்டர்லதான் பேசிக்கிறாங்களாமே. அதுல நம்ம சபைக்கும் ஒரு காம்பரா போட்டுக் குடுடா."

நீ கேட்டது முகநூல் பக்கம். கடைசி வரைக்கும் நீ அதைக் காம்பரா என்றுதான் சொன்னாய்.

விசைப்பலகையில் அப்போது தமிழ் எழுத்து இருக்காது. எந்த ஆங்கில எழுத்தைத் தட்டினால் எந்தத் தமிழ் எழுத்து வரும் என்பது என் விரலுக்குத்தான் தெரியும். அதனால் நீ சொல்லச் சொல்ல நான் தட்டினேன். நெற்றியில் விபூதியோடு நான் தினமும் ஒரு வேத வசனத்தை உலகத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. ஊரையே கூப்பிடுகிறாயே, என்னை மட்டும் ஏன் கூப்பிடவில்லை என்று ஒரு தடவை சீண்டினேன். நீ அசரவில்லை.

"தட்டுறவன் வாசிக்காமத் தட்ட முடியுமாடா? ஒனக்குத்தான் மொதல்ல கெடைக்குது."

கொழும்பிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் வசனத்துக்குக் கீழே ஒவ்வொருவராக ஆமென் போடத் தொடங்கினார்கள். நீ ஒவ்வொரு பெயரையும் வாய்விட்டுப் படித்து, அவன் இன்னார் மகன், இவள் இன்னார் பேத்தி என்று எனக்குச் சொல்வாய். எல்லோரும் திரும்ப வந்துவிட்டார்கள் என்று சின்னப் பிள்ளை போலச் சந்தோஷப்பட்டாய். அந்தச் சந்தோஷத்தில்தான் ஜெபக் குறிப்பையும் போடலாம் என்று உனக்குத் தோன்றியது.

கொழுந்து பறிக்கும் அந்த அம்மாவை நான் மறக்கவில்லை. புருஷன் இல்லை, ஒரே மகன், அவனும் கொழும்புப் புறக்கோட்டையில் ஒரு துணிக் கடையில். உங்கள் மலையில் சிக்னல் கிடைக்காததால், ஞாயிற்றுக்கிழமைகளில் என் கடை வாங்குப் பலகையில் வந்து உட்கார்ந்திருப்பாள். மகன் என் கடைத் தொலைபேசிக்கு அழைப்பு எடுப்பான். பேசிவிட்டுப் போகும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும், ஒரு வாரத்துக்கு அது போதும். அவன் கொழும்பில் குடிக்கப் பழகிவிட்டான் என்று யாரோ அவள் காதில் போட்டார்கள். அவள் சனிக்கிழமைக் கூட்டத்தில் எழுந்து அழுது சொன்னாள். நீ திங்கட்கிழமை வந்து, அவன் பெயர், தாயின் பெயர், குடி, எல்லாவற்றையும் சொல்லி என்னைத் தட்டச் சொன்னாய். பெயர் வேண்டுமா என்று கேட்டேன். பெயர் சொல்லாமல் ஜெபித்தால் அது என்ன ஜெபம் என்றாய். ஆண்டவருக்கு லயத்து விலாசம் தெரியாதா என்று நான் கேட்டதற்கு நீ சிரித்தாய். நானும் சிரித்துக்கொண்டே தட்டினேன்.

அதற்குக் கீழே ஏகப்பட்ட ஆமென். கடையில் அவனோடு வேலை செய்தவர்களும் வாசித்தார்கள். முதலாளியும் வாசித்தார்.

அடுத்த ஞாயிறு தொலைபேசி அடிக்கவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் அடிக்கவில்லை. வேறு யாராவது தொலைபேசியில் பேச வந்தால்கூட, அந்த நேரத்தில் மகன் அழைப்பு எடுத்துவிடுவானோ என்று அவள் தவித்துப்போவாள். நாம் அழைப்பு எடுத்தாலும் அவன் பேசவில்லை. அவள் உன்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் உனக்கு நல்லதாக இருந்திருக்கும். வாங்கில் உட்கார்ந்தபடியே, தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்.

"ஜெபிக்கத்தானுங்க சொன்னேன். ஊருக்குச் சொல்லச் சொல்லலீங்களே."

அந்தப் பக்கத்தை மூடிவிடலாம் என்று நான்தான் சொன்னேன். குறிப்பை மட்டும் அழிக்கச் சொன்னாய். மறுநாள் கையில் பிளாஸ்டர் சுருளோடு வந்தாய்.

"இத நானே எழுதணும். ஒன் வெரல்ல எழுதுனா அது எம் மன்னிப்பு ஆகாது."

நான் எழுத்தைச் சொன்னேன், நீ பிளாஸ்டரில் எழுதி ஒட்டினாய். பிறகு ஒற்றை விரலால் தேடித் தேடித் தட்டினாய். வாடிக்கையாளர்கள் வந்து பார்த்துவிட்டு அடுத்த கம்ப்யூட்டருக்குப் போனார்கள். 'ஒருவருடைய வீட்டு விஷயத்தை நான் சந்தையில் வைத்தேன், அதை ஊழியம் என்று நினைத்தேன், இந்த வாரம் எனக்காக ஜெபியுங்கள்' என்று எழுதி, அடியில் உன் முழுப் பெயரையும் போட்டாய். அதற்கு ஆமென் போட்டவர்கள் குறைவு. உபதேசியார் இப்படியா எழுதுவது என்று சபைப் பெரியவர்கள் கோபித்துக்கொண்டார்கள். அதையும் வாங்கிக்கொண்டாய்.

அதோடு விடாமல் ரயிலேறிக் கொழும்புக்கும் போனாய். திரும்பி வந்து, அவன் கடை வாசலில் என்னைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டான், கடை மூடும்வரை எதிர்ப் பக்கத்தில் நின்றேன் என்று சொன்னாய். கடைசியில் அவன்தான் வந்து உன்னைத் தேநீர் குடிக்கக் கூட்டிப் போனானாம். அம்மா மேல் கோபம் இல்லை, ஆனால் இனிக் கடையில் எப்படி முகத்தைக் காட்டுவது என்று கேட்டு அழுதானாம். நீயும் அழுதாயாம். அவனுக்கு ஒரு வசனமும் சொல்லவில்லை என்று நீ சொன்னபோதுதான் நான் நிமிர்ந்து பார்த்தேன்.

அடுத்த ஞாயிறு அவளோடு நீயும் வாங்கில் உட்கார்ந்திருந்தாய். தொலைபேசி அடித்தது. நான் எடுத்து, குரலைக் கேட்டு, அவளிடம் நீட்டினேன். அவள் மகன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி வேறு யாரும் பெயர் சொல்லி நான் கேட்டதில்லை. நீ எழுந்து வெளியே போய், மழைத் தூறலில் பஸ் நிலையத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாய். நான் இரண்டு பிளேன்டீ வாங்கிக்கொண்டு வந்தேன்.

அதற்குப் பிறகும் உன் காம்பரா நடந்தது. ஒரு தாய், ஒரு மகன், ஒரு தகப்பன் என்றுதான் எழுதுவாய். பெயரை வாயால் சொல்ல வேண்டும், கையால் எழுதக் கூடாது என்று நீயே சட்டம் போட்டுக்கொண்டாய். மாலையில் கடையை மூடும்முன் திரைக்கு முன்னால் உட்கார்ந்து, எழுதாமல் விட்ட பெயர்களையெல்லாம் முணுமுணுப்பாய். பக்கத்தில் நான் முருகன் படத்துக்கு விளக்கேற்றுவேன். இரண்டு கடவுளுக்கும் ஒரே மின்கட்டணம் என்று கேலி செய்வேன்.

சிறுநீரகம் கெட்டுக் கண்டி ஆஸ்பத்திரியில் நீ படுத்திருந்தபோது, உன் சபையார் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். அவர்கள் போனதும் என்னைக் கிட்டே கூப்பிட்டாய்.

"நீ எந்தச் சாமியக் கும்பிட்டாலும் எம் பேரச் சொல்லிருடா. மிச்சத்த எங்க ஆண்டவரு பாத்துக்குவாரு."

சொல்கிறேன் என்றேன். உன் கை அப்போதே குளிர்ந்திருந்தது. நீ இல்லாமல் இந்த பஜார் எனக்குப் பிடிக்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

விசைப்பலகையை மேசைக்குக் கீழ் இழுப்பறையில் வைத்துவிட்டேன். இந்த மடலைத் தட்டி முடித்து வாசித்துப் பார்த்தேன். அந்த அம்மாவின் பெயர் இதில் இல்லை, மகன் பெயரும் இல்லை, உன் பெயரும் இல்லை. நீ போட்ட சட்டம் என் விரலில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வெளியே இருட்டத் தொடங்கிவிட்டது, விளக்கேற்றப் போகிறேன். முருகன் படத்துக்கு முன்னால் நின்று, தினமும் போல, தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்த்தாலும் பரவாயில்லை என்று உன் பெயரைச் சத்தமாகச் சொல்வேன்.