நைனாவின் கல்லில் சயாம்காரனுக்கும் ஒரு வரி

என் பிடிவாதக்காரத் தம்பி சேவியருக்கு,

நீ போன பிறகும் உன் சண்டை ஓயவில்லையப்பா. இப்போது அதை நான் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

காசிமேட்டில் நம் நைனாவின் பட்டறை இப்போது என் பொறுப்பில். அதன் சுவரில் பதிக்க, 'நீளத்தண்டு இன்ஜினைக் கண்டுபிடித்தவர்' என்று கல்லே வெட்டிக் கொண்டுவந்துவிட்டான் சித்தப்பா மகன் மைக்கேல். படகுச் சங்கத்துக்குத் தலைவனாம் அவன். கல்லைத் திருப்பி அனுப்பிவிட்டேன்.

"இன்னாக்கா, பெத்த நைனா பேர நீயே கெடுக்கிற?" என்றான்.

"கெடுக்கலடா. கூட இன்னொரு ஆளையும் போடுன்றேன்."

"எவன், உன் தம்பி எழுதினானே, கப்பல்லருந்து எறங்கின சயாம்காரன், அவனா? பேரு இன்னா அவனுக்கு?"

"தெரியாது. பேர் தெரியாத மாலுமின்னு வெட்டு."

"ஊரே சிரிக்கும்க்கா."

"சிரிக்கட்டும். நைனா மொத தபா படகுல மாட்டி வுட்டப்பவும் கரையே வுழுந்து வுழுந்து சிரிச்சிது."

அந்தச் சிரிப்பைத்தானே உன் புத்தகத்தில் நீ சாட்சியாக வைத்தாய்? படகு முதல் அலையில் ஏறியதுமே, நீளத்தண்டின் நுனியில் இருந்த புரொப்பெல்லர் தண்ணீரை விட்டு வெளியே வந்து அந்தரத்தில் அலறியது. நம் கடலை நினைத்துச் செய்தவர் தண்டை அவ்வளவு படுக்கையாக வைத்திருப்பாரா? அது அலையில்லாத ஆற்றுக்கானது. சயாம்காரன் தன் ஊர் ஆற்றுப் படகை வரைந்து காட்டினான். நைனா அப்படியே செய்து தோற்றார். பிறகு தண்டைச் சாய்த்துச் சாய்த்து நம் அலைக்குப் பழக்கினார்.

கருவிகள் கரை விட்டுக் கரை போகும் கதையைத்தான் வாழ்நாளெல்லாம் ஆராய்ந்தாய். சொந்த வீட்டுக் கதையையும் மறைக்காமல் எழுதினாய். அதற்காகச் சொந்தக்காரர்கள் உன்னை ஒரு கல்யாணத்துக்குக்கூட அழைக்கவில்லை. சாவுக்கு மட்டும் மாலையோடு வந்தார்கள். நான் மறக்கவில்லை.

இன்னொருவரிடம் கற்றதைச் சொன்னால் நைனா சின்னவராகிவிடுவாரா? ஆறாவதோடு நின்ற நானே உன் புத்தகத்தை எழுத்துக் கூட்டிப் படித்துப் புரிந்துகொண்டேன். காலேஜ் போன மைக்கேலுக்கு என்ன கேடு?

நேற்று மறுபடி வந்தான்.

"உன் செவுரே வேணாம். சங்கத்துக் கட்டடத்துல வெச்சுக்கிறோம். இன்னா பண்ணுவ?"

"வெய்யி. பக்கத்துலயே குந்திக்கினு வர்றவன் போறவன்கிட்டல்லாம் சொல்லுவேன்."

"வயசான காலத்துல ஏங்க்கா இந்த பேஜாரு?"

இன்று காலை நாற்காலியைக் கொண்டுபோய்ச் சங்க வாசலில் போட்டுவிட்டேன்.

கல் ஏறும் நாளில் நான் அங்கே இருப்பேன், சேவியர். அதற்கு மறுநாளும் இருப்பேன். அந்த மாலுமிக்கு ஒரு வரி வெட்டும்வரை எழுந்திருக்க மாட்டேன்.

இன்னும் விட்டுக்கொடுக்காத உன் அக்கா,
ரோஸ்மேரி