மடிப்புக் கலையாத சிவப்புக் கொடி

அம்மாவுக்கு மகன் வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் முட்டிவலி எப்படி இருக்கிறது? எனக்கு ஒரு குறையும் இல்லை, இந்த ஸ்டேஷனைத் தவிர.

இதை ஸ்டேஷன் என்று சொல்லவே நாக்கூசுகிறது. ஒரு அறை, ஒரு பெஞ்சு, பெஞ்சின்மேல் ஒரு சொறிநாய். வண்டி காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. ஏறவோ இறங்கவோ ஆள் இருந்தால்தான் நிற்கும். ஊர்க்காரர்கள் எல்லோரும் பஸ்ஸில் போய்விடுகிறார்கள். நான் தினமும் பச்சைக் கொடியை ஆட்ட, அந்தத் தகர டப்பா என்னை ஏறெடுத்தும் பார்க்காமல் ஓடுகிறது.

புதன்கிழமை, மடிப்புக்கூடக் கலையாமல் கிடந்த சிவப்புக் கொடியைப் பிரித்துக் காட்டினேன். வண்டி நின்றது. டிரைவர் எட்டிப் பார்த்து, "யாரு ஏறணும்?" என்றார்.

"யாரும் இல்ல. சும்மா, நல்லா இருக்கீங்களான்னு கேக்கத்தான்."

தலையில் அடித்துக்கொண்டு போனார். மேலிடத்து மேதாவிகள் விளக்கம் கேட்டு மெமோ அனுப்பியிருக்கிறார்கள். அதெல்லாம் ஒன்றுமில்லை, கவலைப்படாதீர்கள்.

பச்சைக் கொடிதான் ஆட்டி ஆட்டிக் கிழிந்துவிட்டது. ஊசியும் பச்சை நூலும் வேண்டும். தபாலில் வேண்டாம், நீங்களே கொண்டு வாருங்கள்.

தபால்காரர் சைக்கிள் மணியை அடிக்கிறார், முடிக்கிறேன். டிக்கெட்டை இந்த ஊருக்கென்றே கேட்டு வாங்குங்கள். நீங்கள் வந்து இறங்கும் அன்றைக்கு வண்டி ஏன் நின்றது என்று எவனும் என்னைக் கேட்க முடியாது.