லின்வுட் அண்ணனின் விசில்

ஹார்லெம், 1949

அன்புள்ள தம்பிக்கு,

இசைத்தட்டில் வந்த உன் பீபாப் ப்ளூஸ் ஜாஸ் மெட்டைத் தெருவே விசிலடிக்கிறது. லின்வுட் அண்ணன் வேலை முடிந்து படியேறும்போது அடிக்கும் விசிலைத்தான் நீ சாக்ஸபோனில் வாசித்திருக்கிறாய் என்பது யாருக்கும் தெரியாது.

அம்மாவுக்குத் தெரியும். யார் விசிலடித்தாலும், "லின்வுட் வந்துட்டான்டி, கதவத் தொற" என்கிறாள்.

நேற்று மாடிவீட்டுக்காரர் அதை விசிலடித்தபடி ஏறினார். அம்மா ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள். அவர் தொப்பியைக் கழற்றிச் சிரித்தார்.

"என்னம்மா, பாட்டு புடிச்சிருக்கா?"

"நல்லாருக்குப்பா, நிறுத்தாத" என்று சொல்லிவிட்டு, அவர் போன பிறகும் அங்கேயே நின்றாள்.

அண்ணன் போரில் இறந்த சேதி வந்ததிலிருந்து நீ வீட்டுப் பக்கமே வரவில்லை. ஏனென்று நான் கேட்கப்போவதில்லை. ஒருநாள் அந்தப் பாட்டை விசிலடித்தபடி படியேறி வா. ஒருமுறையாவது கதவைத் திறக்கும்போது அங்கே அவள் பெற்ற பிள்ளை நிற்கட்டும்.

உன் அக்கா