பூட்டை இழுத்துப் பார்த்த பெரியவர்

அன்பு மைனாவுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில்தான் எழுத உட்கார்ந்தேன். நான் நன்றாக இருக்கிறேன். அப்பாவும் நன்றாக இருக்கிறார் என்று எழுதி முடித்துவிடலாம், எட்டு மாதமாகப் போனில் அதைத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். இப்போதும் போனில் ஆரம்பித்தால் நீ அழுவாய், நானும் அழுவேன், விஷயம் பாதியில் நின்றுவிடும். அதனால்தான் கடிதம். உட்கார்ந்து படி.

அப்பாவுக்கு மறதி வந்திருக்கிறது. மூக்குக் கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று தேடுவதெல்லாம் எனக்கும் உண்டு, இது வேறு. பல் தேய்த்துவிட்டு வந்த கையோடு மறுபடியும் தேய்க்கப் போகிறார். முப்பத்தொரு வருஷம் போலீஸ் ரோந்து வண்டி ஓட்டி இந்த ஊரின் சந்து பொந்தெல்லாம் அத்துப்படியாக வைத்திருந்த மனுஷருக்குச் சில நாள் நம் வீட்டுக் குளியலறைக் கதவு எது என்று தெரிவதில்லை. நீ போன் செய்யும்போது நான் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுப்பேன், அவர் நல்லா இருக்கேன்மா, நீ சாப்பிட்டியா என்று ஒப்பித்துவிட்டுப் போனை என் கையில் திணித்துவிடுவார். அப்பா எப்போதுமே அளந்துதானே பேசுவார் என்று நீயும் விட்டுவிட்டாய். உன்னைக் குறை சொல்லவில்லை, பூசி மெழுகியது நான். ஆபீசிலும் ஒருவரிடமும் மூச்சு விடவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை எனக்குக் காலை டியூட்டி. பக்கத்து வீட்டுத் தையல்காரம்மாவை அப்பாவுக்குத் துணையாக உட்காரவைத்துவிட்டுப் போலீஸ் கன்ட்ரோல் ரூமுக்குப் போனேன். என் வேலைதான் உனக்குத் தெரியுமே, அவசர அழைப்பை எடுப்பேன், கேட்டு எழுதுவேன், பக்கத்தில் எந்த ரோந்து வண்டி இருக்கிறதோ அதை அனுப்புவேன். அன்றைக்கு வந்ததெல்லாம் சின்னச் சின்ன விஷயம், லிஃப்டில் மாட்டிக்கொண்ட ஒரு தம்பதி, மேல் வீட்டுக்காரர் வைக்கிற பாட்டுச் சத்தம், இப்படி. பத்தே காலுக்கு ஒரு மருந்துக்கடைக்காரர் பதறிக்கொண்டு பேசினார். கடைத்தெருவே லீவாம், இவர் கடை மட்டும்தான் திறந்திருக்கிறதாம், யாரோ ஒரு ஆள் ஒவ்வொரு ஷட்டராகப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்க்கிறானாம். திருடன்தாங்க, ஆனா எனக்கு வணக்கம் வச்சிட்டுப் போறான் என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடுத்து அவர் சொன்னார், ரெண்டு தடவை இழுக்கறான், விரலால ஒரு தட்டு தட்டறான், அப்புறம் நோட்டுல என்னமோ எழுதறான். சிரிப்பு அப்படியே நின்றுபோனது. கடை அடைத்த தெருவில் ரோந்து போகிறவர்கள் எல்லாருமே பூட்டைப் பார்ப்பார்கள், ஆனால் இரண்டு இழுப்பும் ஒரு தட்டும் உன் அப்பாவுடையது.

சொந்தக்காரர் சம்பந்தப்பட்ட அழைப்பு வந்தால் உடனே மேற்பார்வையாளரிடம் சொல்லிவிட்டு நாற்காலியை விட்டு எழுந்துவிட வேண்டும், அதுதான் விதி. நான் எழவில்லை. வெட்கமோ பயமோ தெரியவில்லை. ஒயர்லெஸ்ஸில், வயதான ஒருவர் கடைப் பூட்டுகளை இழுத்துப் பார்க்கிறார் என்று மட்டும் சொல்லி ஏழாம் எண் வண்டியை அனுப்பினேன். அதில் இருந்த பெண் காவலரும் ஓட்டுநரும் இந்த வருஷம் மாற்றலாகி வந்தவர்கள், அப்பாவைப் பார்த்ததே இல்லை. அவருக்கு மறதி, பார்த்துப் பேசுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதைக்கூடச் சொல்லாமல் கட்டின புருஷனைத் திருடன் கணக்காகப் பிடிக்க அனுப்பிவிட்டு உட்கார்ந்திருந்தேன், மைனா. அவர்கள் அதட்டினால் இவரும் எகிறுவாரே, கையைப் பிடித்து முறுக்கிவிட்டால் என்ன செய்வது என்று ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டிருந்தேன்.

நாலு நிமிஷம் கழித்து அந்தப் பெண் பேசினாள். கன்ட்ரோல், திருட்டு இல்லை, பெரியவர் ரோந்துல இருக்காராம், இன்னும் ஆறு கடை பாக்கின்னு சொல்றாரு, கூடவே நடந்து முடிச்சுட்டு வர்றோம், நேரமாகும்னு எழுதிக்கங்க என்றாள். எழுதிக்கொண்டேன். ஆறு கடையும் பார்த்தார்களாம். அவர் நோட்டில் எழுதி முடிக்கும்வரை அவள் வெயிலில் நின்றாளாம். ஒரு கடையில் பூட்டு நிஜமாகவே சரியாக விழாமல் இருந்ததாம், கடைக்காரரைப் போனில் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார்கள். பிறகு முன் சீட்டில் உட்காரவைத்து, நோட்டின் முதல் பக்கத்தில் இருந்த விலாசத்தைப் பார்த்து வீட்டுக்கு அழைத்து வந்திருக்கிறார்கள். தையல்காரம்மா அடுப்பைப் பார்க்கத் தன் வீட்டுக்குப் போன நேரத்தில் கிளம்பிவிட்டாராம். அவர் நம் துறை ஆள் என்று அவர்களுக்குத் தெரியாது. யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பார்கள். அதை நினைத்ததும் எனக்குத் தாங்கவில்லை, எழுந்து போய் மேற்பார்வையாளரிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். எட்டு மாசமா இதை மனசுக்குள்ளயே வச்சுக்கிட்டா டியூட்டி பாத்தீங்க என்று கேட்டார். விதியை மீறியதற்கு விளக்கம் எழுதி வாங்கிக்கொண்டார், பிறகு அவரே வண்டி வைத்து என்னை வீட்டுக்கு அனுப்பினார்.

மறுநாள் அதே பெண் காவலர் வீட்டுக்கு வந்தாள். மறதி உள்ளவர்களுக்காக உதவிப் பிரிவில் ஒரு படிவம் வைத்திருக்கிறார்கள், போட்டோ, எங்கெல்லாம் போவார், எதைச் சொன்னால் கோபம் வரும், யாரைத் தேடுவார் என்று எல்லாம் கேட்கிறார்கள். நான் முந்திரிக்கொட்டை மாதிரி முந்திக்கொண்டு பதில் சொல்ல, கொஞ்சம் அவரைப் பேச விடுங்கம்மா என்றாள். யாரைத் தேடிப் போவீங்க ஐயா என்று அவரையே கேட்டாள். எம்பொண்ணு மைனாவை என்றார், யோசிக்கவே இல்லை. அவங்க எங்க இருக்காங்க என்றாள். பள்ளிக்கூடத்துல, நாலு மணிக்கு விடுவாங்க, நான்தான் போய்க் கூட்டிட்டு வரணும் என்றார். தினமும் சாயங்காலம் ஏன் செருப்பைத் தேடி என்னோடு சண்டை போடுகிறார் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. அவள் சிரிக்கவில்லை. உன் பள்ளிக்கூடத்தின் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டு, நாலு மணி வாக்குல எங்க வண்டி அந்தப் பக்கமும் ஒரு சுத்து வரும்மா என்று சொல்லிவிட்டுப் போனாள்.

லீவு சேர்த்துக்கொண்டு அடுத்த வருஷம் மொத்தமாக வருகிறேன் என்றாயே, சேர்க்க வேண்டாம். இருக்கிற லீவுக்கு இந்த மாதமே வா. வாசலில் நிற்கிற உன்னைப் பார்த்து யாரம்மா வேணும் என்று கேட்டாலும் கேட்பார், மனசைத் தயார் செய்துகொண்டு வா. மாப்பிள்ளையிடம் நான் கேட்டதாகச் சொல். குளிருக்குக் காதை மூடிக்கொள். இருவரும் நோய் நொடியில்லாமல், ஒருவருக்கொருவர் துணையாக நெடுநாள் வாழ வேண்டும். டிக்கெட் எடுக்கும்போது ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள், எந்த நாளாக இருந்தாலும் சரி, நாலு மணிக்கு அவர் உன்னைத் தேடிக் கிளம்புவதற்குள் வீட்டுக்கு வந்துவிடு.

உன் அம்மா