காப்பாளர் கையெழுத்து

மே 20

அன்புள்ள தங்கைக்கு,

என் ரத்தக் கொதிப்பைத் தவிர இங்கே எல்லோரும் சுகம். நீ போனை எடுக்க மாட்டாய் என்பதால் எழுதுகிறேன்.

குட்டி பள்ளிப் படிப்பை முடித்துவிட்டாள். பார்மசி படித்தால் நாளைக்கு என் மருந்துக் கடையைப் பார்த்துக்கொள்ளலாம். அவளோ சமூகவியல்தான் படிப்பேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். "மனுஷங்களப் புரிஞ்சுக்கணும்ப்பா" என்கிறாள். "அதுக்கு எதுக்கு காலேஜ்? நம்ம கடை கவுன்ட்டர்ல ஒரு வாரம் நில்லு" என்றேன். தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டாள்.

நீ அதையே சொல்லிக்கொடுப்பவள். அதில் சோறு கிடையாது என்று நீ சொன்னால் நம்புவாள். பழசையெல்லாம் மனதில் வைத்துக்கொள்ளாதே.

அன்புடன்,
அண்ணன்


மே 29

அன்புள்ள அண்ணா,

மனதில் வைக்காமல் வேறு எங்கே வைப்பது? எனக்கு இதே படிப்புக்கு இடம் கிடைத்தபோது என் சான்றிதழ்களை உன் பீரோவில் வைத்துப் பூட்டினாய். சேர்க்கையின் கடைசி நாளில் சாவி கேட்டுக் கடை வாசலில் நின்றேன். "கல்யாணத்துக்கு அப்புறம் உன் புருஷன்கிட்ட கேளு" என்றாய். மருந்து வாங்க வந்தவர்கள் சிரித்தார்கள். அவரிடமும் கேட்டேன். அவரும் சிரித்தார். அந்த வீட்டைவிட்டு வெளியே வந்த பிறகுதான், தலை நரைக்கத் தொடங்கிய வயதில், பிள்ளைகளோடு பிள்ளையாக உட்கார்ந்து படித்தேன்.

அது போகட்டும். குட்டியை அனுப்பு, பேசிப் பார்க்கிறேன். சான்றிதழ்களையும் கொடுத்தனுப்பு. மதிப்பெண்ணைப் பார்த்தால்தானே எது ஒத்துவரும் என்று சொல்ல முடியும்? அண்ணியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
தங்கை


ஜூலை 6

தங்கைக்கு,

பேசச் சொல்லி அனுப்பினால், உன் கல்லூரியிலேயே சேர்த்துவிட்டாயா? காப்பாளர் என்ற இடத்தில் உன் கையெழுத்தாமே. நான் என்ன செத்தா போய்விட்டேன்? குட்டி என் போனை எடுப்பதில்லை. உன் அண்ணி அடுப்படிப் பக்கமே போவதில்லை. எதைக் கேட்டாலும் "நீங்கதானே அனுப்பினீங்க" என்கிறாள்.

என் மேல் உள்ள கோபத்தை என் பிள்ளையிடமா காட்டுவது? அவளைத் திருப்பி அனுப்பு. இல்லையென்றால் எனக்குத் தங்கையே கிடையாது.

அண்ணன்


செப்டம்பர் 14

அண்ணா,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. உன்னைக் காக்கவைப்பது எனக்குப் பிடித்திருந்தது.

ஆமாம், பழிதான் வாங்கினேன். கையெழுத்துப் போட்ட அன்று அசந்து தூங்கினேன்.

குடும்பத்தில் முடிவெடுப்பது யார் என்ற பாடத்தை நான்தான் நடத்துகிறேன். அவரவர் வீட்டையே கவனித்துப் பாருங்கள் என்றேன். முன் பெஞ்சில் உன் மகள் இருந்தாள். அவள் கண்ணில் நீ மாட்டுவாய் என்று ஆசையோடு காத்திருந்தேன்.

போன வாரம் துணி மடித்துக்கொண்டே சொன்னாள்: "அத்தை, அப்பா என்னைக் கேக்காம முடிவு பண்ணாரு. நீங்க எனக்காகக் கையெழுத்து போட்டீங்கன்னு நினைச்சேன். இல்ல, அப்பாவுக்கு எதிரா போட்டிருக்கீங்க. எனக்குப் படிப்பு வேணும். உங்க ரெண்டு பேரோட சண்டை வேண்டாம்."

விடுதிக்குப் போய்விட்டாள். வகுப்பில் இப்போது என்னை 'மேடம்' என்றுதான் கூப்பிடுகிறாள்.

கிளம்பும்போது உன்னிடம் சொல்லச் சொல்லி ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனாள். நல்ல வார்த்தைதான். கேட்டால் நீ அழுதுவிடுவாய்.

அதை உனக்கு நான் சொல்லப்போவதில்லை; என் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன் என்று வைத்துக்கொள். இப்படிச் செய்வதற்கு நான் நடத்தும் புத்தகத்திலேயே ஒரு பெயர் இருக்கிறது. அது தெரிந்தேதான் செய்கிறேன்.

தங்கை