நீங்கள் வெட்டிய வரி

அக்கா,

போன வாரம் மாதாப்பூரில் பேத்தியின் பள்ளியிலிருந்து போன் வந்தது. அவளுக்கு வயிற்றுவலியாம், வந்து அழைத்துப் போகச் சொன்னார்கள். மகளும் மருமகனும் ஆபீஸில் இருந்ததால் நான் போனேன். நோயறைக் கதவைத் திறந்ததுமே ஸ்பிரிட் வாசனை. அங்கிருந்த நர்ஸ், பேத்தியின் வலப்பக்க அடிவயிற்றை மெதுவாக அழுத்திவிட்டுச் சட்டென்று கையை எடுத்தாள். எடுக்கும்போது வயிற்றைப் பார்க்கவில்லை, பிள்ளையின் முகத்தைப் பார்த்தாள். பயப்பட ஒன்றுமில்லை என்றாள். என் கண்தான் நிறைந்துவிட்டது. அந்தப் பெண் பதறிப்போய் எனக்கும் ஒரு நாற்காலி போட்டாள்.

உங்களை நினைத்துத்தான் அழுதேன். மாரெட்பள்ளியிலிருந்து கம்பெனி பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து சீட்டில் எத்தனை வருஷம் போனோம். நான் நிர்வாக அலுவலகத்தில் கிளார்க், நீங்கள் கம்பெனி காலனிப் பள்ளியின் நர்ஸ். மௌலா அலி குன்று கண்ணில் பட்டதும் பேச்சை நிறுத்திவிட்டுக் கொண்டையைச் சரிசெய்வீர்கள். சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு கட்டடம், பெரிய பிள்ளைகளுக்குச் சாலைக்கு அந்தப் பக்கம் இன்னொன்று. இரண்டுக்கும் நீங்கள் ஒருவர்தான். இங்கே முழங்காலுக்கு மருந்து போடும்போது அங்கே ஒருவன் மயங்கி விழுவான்.

கணக்குப் பரீட்சை நாளில் உங்கள் அறை வாசலில் வரிசை நிற்கும். "கடுப்பு நொப்பி, சிஸ்டர்" என்று வயிற்றுவலியைத் தெலுங்கில் ராகம் போட்டுச் சொல்லும் பிள்ளைகளை, "நக்கோ ராஜா, வேண்டாம். எழுதிட்டு வா, வலி போயிரும்" என்று அனுப்புவீர்கள். வலியும் போய்விடும். அப்படி ஒரு பரீட்சை நாளில்தான் பிட்டர் வேலை பார்த்த தொழிலாளி ஒருவரின் மகள், ஆறாம் வகுப்புப் பெண், வந்தாள். ஓமத்தண்ணீர் கொடுத்து வகுப்புக்கு அனுப்பினீர்கள். சாயங்காலம் அவளுக்குக் குடல்வால் வெடித்துவிட்டது.

பிழைத்துக்கொண்டாள். யாரும் உங்களைக் குறை சொல்லவில்லை. அவள் அம்மாகூட உங்களைத் தேற்றத்தான் வந்தாள். நீங்கள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்குத் தெரியலம்மா. தெரிஞ்சிருக்கணும்" என்றீர்கள்.

அதற்குப் பிறகுதான் எங்கள் கம்பெனிப் பள்ளிகளில் எத்தனை நர்ஸ், என்ன படிப்பு என்று விதி எழுதச் சொல்லி பைல் என் மேஜைக்கு வந்தது. எனக்கு என்ன தெரியும்? பஸ்ஸில் உங்களைத்தான் கேட்டேன். கட்டடத்துக்கு ஒருவர், முதல் மணியிலிருந்து கடைசி மணிவரை இருக்கவேண்டும். டிரில் மாஸ்டரின் முதலுதவி சர்டிபிகேட் போதாது. மூன்றரை வருஷ நர்சிங் படிப்பும் கவுன்சில் பதிவும் கட்டாயம். எல்லாம் நீங்கள் சொன்னதுதான்.

வீட்டில் உட்கார்ந்து நல்ல இங்கிலீஷில் எழுதும்போதுதான் எனக்கு உறைத்தது. நீங்கள் படித்தது இரண்டு வருஷத் துணை நர்ஸ் படிப்பு. இந்த விதி வந்தால் பள்ளியில் உங்களுக்கு இடமில்லை. உடனே எங்கள் ஆபீஸ் வழக்கப்படி கடைசியில் ஒரு வரி சேர்த்தேன்: தற்போது பணியில் இருப்பவருக்கு இவ்விதி பொருந்தாது. எங்கள் விதிகளெல்லாம் இனி வருகிறவர்களைத்தான் கடிக்கும், இருப்பவர்களைத் தொடாது. மறுநாள் பெருமையாக உங்களிடம் நீட்டினேன்.

என் பேனாவையே வாங்கி, குலுங்கும் பஸ்ஸில் முழங்காலில் தாளை வைத்து, அந்த வரியை வெட்டினீர்கள்.

"என்னக்கா இது! உங்களுக்காகத்தானே எழுதினேன்?"

"எனக்காவ எழுதினது தெரியுது. அந்தப் புள்ளைக்காவ எழுதினா இந்த வரி வருமாட்டி?"

"கம்பெனி டிஸ்பென்சரிக்கு ஷிப்ட் டியூட்டி போகணும். பிள்ளைங்க இல்லாம இருந்துடுவீங்களா?"

"இருக்க முடியாதுதான்" என்றீர்கள். பேனாவை மூடிக் கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். எனக்கு வந்த கோபத்தில் இரண்டு நாள் உங்களோடு பேசவில்லை.

புது நர்ஸுகள் வந்தார்கள். அவர்களை வகுப்பு வகுப்பாக அழைத்துப்போய், "இனிமே இவங்கதான் சிஸ்டர்" என்று நீங்களே சொன்னீர்கள். அழுத பிள்ளைகளைத் தெலுங்கில் அதட்டினீர்கள். ஷிப்ட் முடிந்தால் நேரே வீட்டுக்குப் போகாமல் அவர்களில் ஒருத்தியிடம் பாடம் கேட்டீர்கள், உங்களைவிடப் பதினைந்து வயது சின்னவளிடம்! ஒருநாள் பஸ்ஸில் என் வயிற்றிலேயே செய்துகாட்டினீர்கள். "அமுக்கும்போது இல்லட்டி, கைய எடுக்கும்போது மூஞ்சியப் பாக்கணுமாம்!" எனக்குக் கூச்சம் தாங்கவில்லை, பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. அன்று உங்கள் முகத்தில் இருந்த சந்தோஷத்தை வேறு யாரிடமும் நான் கண்டதில்லை.

பல வருஷம் கழித்து எனக்கு ஆபீசர் பதவி வந்தது. தொழிலாளர் சட்டம் படித்திருக்கவேண்டும் என்று அப்போதுதான் விதி மாற்றியிருந்தார்கள். நான் படித்ததில்லை. என் கீழே இருந்த பையன், என் மேல் இருந்த பிரியத்தில், அதே கடைசி வரியை எழுதிக்கொண்டு வந்து நீட்டினான். பேனாவைத் திறந்தேன். உங்களை நினைத்தேன். வெட்டவில்லை, அக்கா. கையெழுத்துப் போட்டேன்.

அதுவரை உங்களை நல்லவர் என்று மட்டும் நினைத்திருந்தேன். எவ்வளவு பெரியவர் என்று அன்றுதான் தெரிந்தது.

பதவிச் செய்தியைச் சொல்ல உங்கள் வீட்டுக்கு வந்தேன். வாய்கொள்ளாமல் சிரித்தீர்கள், சர்க்கரையை எடுத்து என் வாயில் போட்டீர்கள். "சட்டமெல்லாம் தெரியும்லாட்டி?" என்று கேட்டீர்கள்.

தெரியும் என்றேன். உங்களிடம் நான் சொன்ன ஒரே பொய் அது. எனக்குத் தெரியாது, அக்கா.