ஜிஜினுக்கு ஒரு கோட்டு

2024 ஆகஸ்ட் 14, புதன்

லேபிலிருந்து வர ஆறரை ஆகிவிட்டது. பாறசாலை வரை பஸ்ஸில் நின்றே வந்தேன். வீட்டில் மாமியும் கொழுந்தன் சஜியும் படம் தேடிக்கொண்டிருந்தார்கள். 25ஆம் தேதி சபையில் ஜிஜினின் முதலாமாண்டு நினைவு. ஃப்ளெக்ஸ் அடிக்க வேண்டும்.

எங்களுடையது ரிஜிஸ்டர் ஆபீஸ் கல்யாணம். நான் இந்து வீட்டுப் பெண். கோட்டும் இல்லை, ஆல்பமும் இல்லை. ஆதார் படத்தில் அவன் திருடன் மாதிரி இருப்பான். மற்றதிலெல்லாம் பின்வரிசைத் தலை. என் போனில் இருந்த ஒன்றைக் கொடுத்தேன். நெய்யாற்றில், வள்ளத்தில், துடுப்பை நட்டு, தலைக்கு மேலே கை உயர்த்திப் பிடித்தபடி சிரிக்கிறான்.

சஜி: "பனியனும் துடுப்புமா? நாலு பேரு பாக்கப்பட்ட இடமாக்கும். கோட்டு வச்சாத்தான் மதிப்பு."

செத்தவனுக்குக்கூட அந்தஸ்து தைக்கிறார்கள். என் புருஷன் சந்தோஷமாக இருந்ததற்கு அந்தப் படம் மட்டும்தான் சாட்சி. அதையும் அழிக்கப் போகிறார்கள்.

ஆகஸ்ட் 17, சனி

மணல் வாரத் தடை வந்தபின் யாரோ கரையில் கவிழ்த்துப் போட்ட வள்ளம் அது. ஜிஜின் ஓட்டையை அடைத்துத் தார் பூசினான். இந்த வீட்டில் இரண்டு அறை, ஐந்து பேர். சண்டையைக்கூடக் கிசுகிசுத்துத்தான் போட வேண்டும். அதனால் ஞாயிறு மத்தியானம் நடு ஆற்றுக்குப் போய் உரக்கப் போடுவோம். "இப்போ எறங்கிப் போ பாப்போம்" என்பான். எங்கே போக? சிரிப்பு வந்துவிடும். பிறகு பொதியைப் பிரித்து மரச்சீனிக் கிழங்கும் மத்தி மீன்கறியும்.

ஆகஸ்ட் 19, திங்கள்

எலிக்காய்ச்சல். ஆறே நாளில் போய்விட்டான். ஆற்றில் இறைச்சிக்கழிவுச் சாக்கைத் தள்ளுகிறவனை யாரும் கேட்கவில்லை. வள்ளத்தைத்தான் குற்றம் சொன்னார்கள். வள்ளத்தையும் என்னையும். மாமி அன்றுமுதல் வள்ளம் என்ற சொல்லையே எடுப்பதில்லை.

ஆகஸ்ட் 23, வெள்ளி

ரோட்டு முக்கில் ஃப்ளெக்ஸ் கட்டியாயிற்று. ஸ்டுடியோக்காரன் அகிலேஷ் ஆறு, வள்ளம், துடுப்பு எல்லாவற்றையும் துடைத்துவிட்டுக் கறுப்புக் கோட்டு போட்டிருக்கிறான். ஆனால் துடுப்பைப் பிடித்த கை? அது தலைக்கு மேலே முஷ்டியாக அப்படியே நிற்கிறது!

ஆட்டோ ஸ்டாண்டிலிருந்து சோமன் அண்ணன்: "ஜிஜின் ஏது யூணியன் பிள்ளே? ரத்தசாட்சி ஆக்கியாச்சா?"

கட்சிக்காக உயிர்விட்ட தியாகி என்கிறார். சிரிப்பதா, செருப்பைக் கழற்றுவதா—

ஆகஸ்ட் 24, சனி

காலையில் சஜி ஸ்டுடியோவில் நின்று கத்தினான். போன் ஸ்பீக்கரில் மாமியும் நானும் கேட்டுக்கொண்டிருந்தோம்.

அகிலேஷ்: "கைய வெட்டினா முண்டமா இருக்கும் அண்ணா. வேற போட்டோ தா. இல்லெங்கி முஷ்டி, அதும் இல்லெங்கி துடுப்பு. ஒண்ணு சொல்லு."

துடுப்பு என்று நான் சொன்னால் எனக்காகக் கேட்கிறேன் என்பார்கள். மாமி முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

"அவனுக்க கையில துடுப்பையே வச்சுக் குடு மக்கா."

"அப்போ கோட்டு?" என்றான் சஜி.

"கோட்டும் கெடக்கட்டு. அவன் போட்டு நான் கண்டதில்ல."

ஆகஸ்ட் 25, ஞாயிறு

சபை வாசலில் ஜிஜின். கோட்டு, டை, துடுப்பு. பார்க்கச் சகிக்கவில்லை. பார்த்துக்கொண்டே நின்றேன்.

போதகர் மாமியிடம் கேட்டார்: "மகன் வள்ளக்காரனா?"

"இல்ல ஐயா, எலக்ட்ரீசியனாக்கும். ஞாயிற்றுக்கிழமை கெட்டினவளையும் கொண்டு ஆத்துல போவான்." மாமி என் கையைப் பிடித்து முன்னால் இழுத்தாள். "இவளாக்கும்."

மூன்று வருஷமாக இதே சபைக்கு வருகிறேன். போதகர் இன்றுதான் என் பெயரைக் கேட்டார். பிரசீதா என்றேன்.